பாடம் கேட்ட இடங்கள்

“எல்லாம் போச்சுங்க டீச்சர்.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செங்கோடன் சொன்னார்.

வசுந்தரா நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

“நாக்பூர் பக்கம், டாபாவுல முகம் கழுவினேன். போனைத் தொட்டி மேல வெச்சிருந்தேன். திரும்பினா காணோம். அத்தனை பாடமும் அதுக்குள்ளதான்.”

செங்கோடன் நாமக்கல் லாரி டிரைவர். ஐம்பத்தெட்டு வயது. பாட்டு டீச்சர் வசுந்தரா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

அவள் வீடு மாறியபோது சாமான் ஏற்ற வந்தவர் அவர். உள்ளே அவள் ஏதோ பாடிக்கொண்டே பாத்திரங்களைக் கட்டினாள். தூக்கிய பீரோவைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

“எனக்கும் சொல்லித் தருவீங்களா?”

“எப்போ வருவீங்க அண்ணே?”

“ஊர்ல இருந்தாத்தானுங்க வர்றதுக்கு.”

“அப்போ பாடம் வரட்டும்.”

வந்தது. அவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் போனில் அவள் குரல் வந்தது. அவர் பாடி அனுப்புவார். “அண்ணே, அந்த இடம் சரியில்லை” என்று பதில் வரும். மறுபடி பாடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்பவில்லை. காற்றாகத்தான் பேசினாள். புதுப் பாடம் நின்றது. பழையதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே அவர் வண்டி ஓட்டினார்.

“உங்க போன்ல இருக்குமாங்க?”

அவள் தலையசைத்தாள். இல்லை.

“அனுப்பினதும் அழிச்சிடுவேன் அண்ணே. என் போன்ல இடமே இருக்காது.”

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். போன் போனதற்கு அழுகிற ஆள் இல்லை அவர்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“நீலாம்பரி ராகப் பாடம் எங்கே கேட்டீங்க?”

“எங்கே கேட்டா என்னங்க? அதுதான் இல்லையே.”

“எங்கே?”

“விஜயவாடா தாண்டி.” சொம்பைக் கீழே வைத்தார். “பாலத்துல ஒரு வண்டி கவுந்து ரோடே நின்னுபோச்சு. நல்ல வெயில். லாரிக்கு அடியில தார்ப்பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டேன். ‘இதை ஓட்டும்போது கேக்காதீங்க அண்ணே, தூங்கிடுவீங்க’ன்னு எடுத்த எடுப்புலயே சொல்லியிருந்தீங்க.”

அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை.

“பக்கத்து வண்டி சர்தார் குனிஞ்சு பார்த்தார். அவரும் உள்ளே வந்து படுத்துட்டார். ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. முடிஞ்சதும் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.”

“நான் எப்படி ஆரம்பிச்சேன்?”

“கீழேருந்து மெதுவா...”

சொல்ல வரவில்லை. பாடிக் காட்டினார்.

முடித்ததும் தானே திகைத்து அவளைப் பார்த்தார்.

“ஹிந்தோளம்?”

“அஸ்ஸாம். முன்னாடி மண்ணு சரிஞ்சு மலைப்பாதையை மூடிடுச்சு. விடாத மழை. ‘ரிஷபத்தையும் பஞ்சமத்தையும் மறந்துடுங்க’ன்னீங்க. கண்ணாடியில வைப்பர் போய்ப் போய் வந்தது, அதையே தாளமா வெச்சுக்கிட்டு...”

பாடினார். வலது கை தொடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

“மோகனம்?”

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அது ரோட்டுல இல்லீங்க. ஈரோட்டு ஆஸ்பத்திரி. மக பிரசவத்துக்கு உள்ளே இருக்கா. என்ன பண்றதுன்னு தெரியல. காதுல வயரை மாட்டிக்கிட்டு வராண்டாவுல நடந்தேன். அன்னைக்கு நீங்க பாடினது...”

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

மேலே ஏறும் இடத்தில் சறுக்கியது. வசுந்தராவின் விரல் உயர்ந்தது. அவர் நிறுத்தினார். திரும்பி வந்து ஏறினார். மறுபடி விரல்.

“இதே இடத்துலதான் அன்னைக்கும் திட்டு வாங்கினேன்,” என்றார்.

மூன்றாம் முறை ஏறிவிட்டது. அவள் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். பார்த்தபடியே கடைசிவரை பாடினார்.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்த லோடு எங்கே அண்ணே?”

“கட்டாக்குங்க. புதுப் போன் ஒண்ணு வாங்கிட்டுத்தான் கிளம்பணும்.”

“வாங்கினதும் வழியில எங்கேயாவது நிறுத்தி, மோகனத்தைப் பாடி அனுப்புங்க.”

“திருத்துறதுக்கா டீச்சர்?”

“கேக்கறதுக்கு.”