தூணுக்குப் பத்தடி கீழே

ஒரு பனிமலையில் முள்ளம்பன்றி அங்கம்மாவும் நரி நல்லதம்பியும் முயல் துளசியும் வாழ்ந்து வந்தன. குளிர்காலத்தில் அந்த மலை மனிதர்களுடையது. காலில் நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு சர்ரென்று பனியில் சறுக்கி விளையாட வருவார்கள். அவர்களை மேலே கொண்டுபோக அடிவாரம் முதல் உச்சிவரை ஏழு இரும்புத் தூண்கள் நட்டு, கம்பியில் நாற்காலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கோடையில் பனி உருகிவிடும். நாற்காலிகள் சும்மா தொங்கும். மலை மிருகங்களின் கைக்கு வந்துவிடும்.

கோடையில் ஒருநாள் எல்லா மிருகங்களும் சேர்ந்து உச்சிக்கு நடக்கும். ஏதோ உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள்! உச்சியில் போய் நிற்பவர்கள்தான் குளிர்காலத்துக்கு வளை தேர்ந்தெடுக்கலாம். பாதியில் திரும்பியவர்களுக்கு மிஞ்சியதுதான். மிஞ்சுவது எப்போதும் ஒரே வளை. அது சறுக்குப் பாதையின் நட்டநடுவில் இருந்தது.

மூன்று வருஷமாக அந்த வளை அங்கம்மாவின் தலையில்தான் விழுந்தது. போன குளிர்காலத்தில் யாரோ ஒரு மனிதர் தடுமாறி அதன் கூரைமேல் விழ, கூரை இடிந்து அங்கம்மாவின் இரண்டு குட்டிகளும் பனிக்குள் புதைந்துபோயின. அங்கம்மா நகம் பிய்ந்துபோகும்வரை தோண்டி அவற்றை உயிரோடு எடுத்தது. இன்னொரு குளிர்காலம் அங்கே இருப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டது.

இந்த வருஷமும் வரையாடு மலையாண்டிதான் வழிகாட்டி. அதற்குத் தன் நடையைப் பற்றி ஏகப்பட்ட பெருமை.

“நம் வழக்கம் தெரியுமல்லவா?” என்று முழங்கியது. “ஒவ்வொரு தூணிலும் நிற்போம். கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் நகரக் கூடாது. வந்து சேர்ந்ததும் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது! தன் வாயால் ‘முடியாது’ என்று சொன்னவர் மட்டும் கீழே இறங்கலாம். நான் யாரையும் நடுவழியில் விட்டுவிட்டுப் போனவன் அல்ல!”

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடந்து பார்த்தால்தான் தெரியும்.

ஏற்றம் சுவர் மாதிரி செங்குத்தாக இருந்தது. மலையாண்டி தாவிப் போனது. நரியும் முயலும் பின்னாலேயே போயின. அங்கம்மாவுக்கோ குட்டைக் கால்கள். மற்றவை முதல் தூணின் நிழலில் படுத்துப் புரண்டு, புல் மேய்ந்து, கதை பேசிக்கொண்டிருந்தபோது அது மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

“வந்தாச்சு! கிளம்பு!” என்றது மலையாண்டி.

எல்லாம் துள்ளி எழுந்தன. அங்கம்மா உட்காரக்கூட இல்லை. இரண்டாம் தூணிலும் இதே கதை. மூன்றாம் தூணிலும் இதே கதைதான்.

“கொஞ்சம் பொறுங்களேன். நான் இப்பத்தானே வந்தேன்!” என்றது அங்கம்மா.

“உனக்காகத்தானே இவ்வளவு நேரம் காத்திருந்தோம்?” என்றது நரி.

“எனக்காக எங்கே காத்திருந்தீங்க? நான் வர்றவரைக்கும் நீங்க ஓய்வெடுத்தீங்க! எனக்கு எப்போ ஓய்வு?”

“சீக்கிரம் நடந்தால் சீக்கிரம் ஓய்வு!” என்றது மலையாண்டி. நரி கெக்கெக்கெ என்று சிரித்தது. முயலும் சிரித்து வைத்தது.

அங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருஷமாக இப்படித்தான் நான்காம் தூணில் கால் மடங்கி விழுந்து, ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறது. தன் கால்தான் சரியில்லை என்று நினைத்து அழுதும் இருக்கிறது. கால் சரியாகத்தான் இருக்கிறது, வழக்கம்தான் சரியில்லை என்று இப்போது புரிந்தது.

நான்காம் தூண் தெரிந்தது. மற்ற மூன்றும் நிழலில் தயாராக நின்றன. இன்னும் பத்தடிதான். அங்கம்மா நின்றது. ஒரு கல்லில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

“ஏய்! என்ன பண்றே? வா!” என்று கத்தியது மலையாண்டி.

“வருவேன். இன்னும் வந்து சேரலை!”

“இதோ இருக்கிறது தூண்!”

“தெரியுது. நான் வந்து சேர்றவரைக்கும் யாரும் நகரக் கூடாது. உங்க வழக்கம்தானே?”

நரி குடுகுடுவென்று இறங்கி வந்து குழைந்தது. “பாவம், ரொம்பக் களைச்சிட்டே. ‘முடியாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லேன். சுகமா வீட்டுக்குப் போகலாம்.”

“அந்த வார்த்தையை உன் காது இனிமே கேட்காது!” என்றது அங்கம்மா. அதன் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. நரி பின்வாங்கியது.

“மதியம் தாண்டினால் மேலே மூடுபனி வந்துவிடும்! யாரும் உச்சிக்குப் போக முடியாது!” என்று குளம்பை உதைத்தது மலையாண்டி.

“வரட்டும்! மூணு வருஷமா நான் மட்டும் போகலை. இந்த வருஷம் சேர்ந்தே போகாம இருப்போம்!”

முயல் துளசிக்கு முகம் சுண்டிவிட்டது. மெல்ல இறங்கி வந்து அங்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தது. “அக்கா, நானும் சிரிச்சேன். தப்புதான். நீ எழுந்திரிக்கும்போது நானும் எழுந்திரிக்கிறேன்” என்றது. இப்போது வந்து சேராதவர்கள் இரண்டு பேர்.

மலையாண்டி வானத்தைப் பார்த்தது. தூணைப் பார்த்தது. கடைசியில் கொம்பைத் தாழ்த்தியது. “சரி, சரி! இனிமேல் நீ வந்த பிறகும் எல்லோரும் உட்காருவோம். போதுமா?”

“போதும்!” என்றது அங்கம்மா. எழுந்து பத்தடி நடந்து தூணைத் தொட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு தூணிலும் ஓய்வு கிடைத்தது. ஓய்வு கிடைத்த குட்டைக் கால்கள் ஜம்மென்று ஏறின. மூடுபனி வருமுன்பே நான்கும் உச்சியில் நின்றன.

நரி நான்கு பேரையும் எண்ணிப் பார்த்தது. “எல்லாரும் வந்துட்டா சறுக்குப் பாதை வளையில யார் இருக்கிறது?” என்று கேட்டது.

“யாரும் இருக்க வேண்டாம். இறங்கினதும் அதை மண்ணைப் போட்டு மூடப்போறேன்!” என்றது அங்கம்மா. “பெரிய பாறைக்கு அடியில இருக்கிற வளை எனக்கு.”

“அது என் வளை!”

“போன வருஷம் உன்னுது. அதுக்கு ரெண்டு வாசல் இருக்கு. இந்த வருஷம் ஒரு வாசல் எனக்கும் குட்டிகளுக்கும்.”

“ஐயோ! முள் குத்துமே!”

“தள்ளிப் படு!” என்றது அங்கம்மா.

கடைசியில் வருபவருக்கும் ஓய்வு உரிமைதான். அதைத் தர மறுப்பவர்களிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், துணிந்து உட்கார்ந்துவிட வேண்டும்.