நாச்சி சொன்ன ‘போதும்’

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற நாவல் மரத்தில் முசுறு எறும்புகள் இலைகளை இழுத்து ஒட்டிக் கூடு கட்டியிருந்தன. உள்ளே கால் முளைக்காத குஞ்சுகள். ஒருநாள் காற்றில் ஒட்டு விட்டுப்போய் இரண்டு இலைகளுக்கு நடுவே பிளவு விழுந்தது.

இழுக்கிறவர்கள் வரிசையாக நின்று இலையோரத்தைக் கவ்வினார்கள். செவ்வாயிதான் அவர்களுக்குத் தலைவி. நடுவில் நாச்சி உட்கார்ந்திருந்தாள். அவள் எதையும் இழுக்கமாட்டாள். இழுக்கிற ஒவ்வொருத்தியும் காலால் அவளைத் தட்டவேண்டும். பலமாக இழுத்தால் பல தட்டு. தட்டு விழுந்ததும் தட்டியவளின் உணர்கொம்பைத் தொட்டு, “போதும், கொஞ்சம் விடு” என்பாள். எறும்புக்குக் கொம்புதானே காது!

நம் முதுகுத்தண்டிலும் இப்படிச் சில நரம்பணுக்கள் உண்டு. தசையை ‘இழு’ என்று ஏவும் நரம்பு அவற்றையும் ஒரு தட்டு தட்டும். அவை அந்த நரம்பையே திரும்ப அடக்கும். நம் கைகால் அளவோடு அசைவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

“மழை வரப்போகுது. குஞ்செல்லாம் நனைஞ்சிடும். நீ என்னடான்னா போதும் போதும்னு உயிரை வாங்குற” என்று செவ்வாயி எரிந்து விழுந்தாள்.

“நானா சொல்லலை அக்கா. நீங்க இழுக்கிறதுதான் என் வாயில போதும்னு திரும்பி வருது. நீங்க சும்மா இருந்தா நானும் சும்மாதான் இருப்பேன்.”

“வேலை செய்யாதவளுக்கு வாய் மட்டும் நீளம்!”

பக்கத்து எட்டி மரத்தடியில் பழம் வெடித்துக் கிடந்தது. செவ்வாயி அதன் விஷச் சாற்றைக் கொண்டுவந்து எல்லோர் கொம்பிலும் பூசினாள். கொம்புகள் மரத்துப்போயின. இனி நாச்சி தொட்டாலும் ஒருத்திக்கும் உறைக்காது.

இழுத்தார்கள். பிளவு மூடிக்கொண்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்கு என்றைக்குத் தெரிந்திருந்தது? நாச்சியின் மேல் சரமாரியாகத் தட்டு விழுந்தது. அவள் ஒவ்வொரு கொம்பாகத் தொட்டுக்கொண்டு, “போதும், போதும்” என்று ஓடினாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இலை நரம்போடு கிழிந்தது. குஞ்சுகள் பொலபொலவென்று குளத்தில் உதிர்ந்தன. கெண்டை மீன்கள் மேலே வந்தன.

செவ்வாயி அதைப் பார்த்தாள். வாய்விட்டுக் கதறவேண்டும் போலிருந்தது. எட்டி விஷம் ஏறிய தாடை பூட்டிக்கொண்டு திறக்கவில்லை. கவ்விய இலைத்துண்டை அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள், அவள் கால் நாச்சியைத் தட்டிக்கொண்டிருந்தது. நாச்சி அவளுடைய மரத்த கொம்பைத் தொட்டு, “போதும்” என்றாள். இனிச் சொல்லி யாரைக் காப்பாற்ற?

தம் வேகத்தை அடக்கும் குரலைப் பகையென்று எண்ணிக் காதில் விழாமல் செய்துகொண்டவர், எதைக் காக்க நினைத்தாரோ அதையே தம் பலத்தால் அழிப்பார்.