பலகையில் ஒட்டிய சுரம்

"ஒரே ஒரு சுரம் வாசிக்க நான் எதுக்கு, டீச்சர்?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

வனமாலா டீச்சர் புல்லாங்குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தச் சுரம், அண்ணாச்சி?"

"மூணாவது காட்சியில வருமே, அது."

இருவரும் குழிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கும் முதல் வரிசை நாற்காலிகளுக்கும் நடுவே ஆள் உயரத்துக்குத் தோண்டிய பள்ளம் அது. நாடகத்துக்கு வாசிப்பவர்கள் அதற்குள்தான் இருப்பார்கள். அங்கிருந்து மேடை தெரியாது. மேடையைத் தாங்கும் பலகைச் சுவர் மட்டும் மூக்குக்கு நேராகத் தெரியும்.

சிகாமணி இதற்கு முன் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலங்களில் முதல் ஆளாக நடந்தவர். குழிக்கு வந்தபிறகு, நாடகத்துக்கு எப்படி வாசிப்பது என்று வனமாலாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். வனமாலா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை.

வருத்தம் வேறு.

"விளக்கை அணைச்சிடுறாங்க. ஒரே இருட்டு. அப்போ நான் அடிச் சுரத்தை ஆட்டாம அசைக்காம பிடிக்கணும். அதையும் கிளாரினெட்டோட அடிவாயை இந்தப் பலகையில ஒட்டி வச்சு அமுக்கணும். யாருக்குக் கேக்கும்? முதல் வரிசைக்கே கேக்காது."

"கேக்காதுதான்."

"விளக்கு வந்ததும் ஜனங்க 'ஆ'ன்னு வாயைப் பொளக்குறாங்க. யாருக்கு? சுவிட்சைப் போட்டவனுக்கு!"

மிருதங்கத்துக்கு மாவு தடவிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் சிரித்தார். "அந்த ஒரு சுரத்துக்கு முதல் காட்சியிலிருந்தே, கிளாரினெட்டுல மாட்டுற நாணல் ரீடை வாயில வச்சு நனைக்கீரே ஓய். அது வாயில போயிட்டா உம்மகிட்ட ஒரு பதிலும் வாங்க முடியல."

"காஞ்ச ரீடு கீச்சுன்னு கத்தும். உம்ம தோலுக்கு அந்தக் கவலை இல்லை."

"எந்தத் தோலைச் சொல்லுதீரு?"

சிகாமணி அவரைக் கவனிக்கவில்லை. டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்.

"பழைய பேண்டு செட்டு கூப்பிடுது, டீச்சர். மாதா கோயில் சப்பரத்துக்கு முன்னால நின்னு வாசிக்கலாம். அப்படியே அவங்களோடயே இருந்திடலாம். நாளைக்குள்ள பதில் கேக்காங்க."

டீச்சர் துணியை மடித்தார்.

"அந்த இருட்டுல நீங்க என்ன வாசிக்க ஆசைப்படுறீங்க?"

சிகாமணி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது.

"கடலுக்குப் போன மகனைத் தேடி ஒரு தாய் வர்றா. சுபபந்துவராளி ராகத்தை இழைச்சா எப்படி இருக்கும்!"

"இன்னைக்கு வாசிங்க."

"நிஜமாவா?"

டீச்சர் எழுந்து ஒப்பனை அறைக்குப் போனார். தாயாக நடிக்கும் இசக்கியிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று மாலை மூன்றாவது காட்சியில் விளக்கு அணைந்தது.

சிகாமணி கிளாரினெட்டைப் பலகையிலிருந்து எடுத்தார். மேலே தூக்கிப் பிடித்தார். வாசித்தார்.

நன்றாகவே வாசித்தார்.

இருட்டில் யாரோ "பலே" என்றார்கள். கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்கு நடுவே விளக்கு வந்தது. வழக்கமாக வரும் 'ஆ' அன்று வரவில்லை.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்ததும் இசக்கி மேடை விளிம்பில் குனிந்தாள். முகத்தில் பாதி ஒப்பனை இன்னும் இருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்கு எங்க போயிட்டீங்க?"

"நானா? இங்கதான இருந்தேன். கேக்கலையா? அத்தனை பேரும் கைதட்டுனாங்களே!"

"கைதட்டுனது கேட்டுச்சு. நல்லாவும் இருந்துச்சு," என்றாள் இசக்கி. "நீங்க எங்கன்னுதான் தெரியல."

அவள் போய்விட்டாள்.

"விடும்," என்றார் ஆவுடையப்பன். "அவளுக்கு வரவேண்டிய கைதட்டை நீரு வாங்கிட்டீரு. வயித்தெரிச்சல் இருக்கும்லா?"

இருக்கலாம் என்று சிகாமணிக்கும் தோன்றியது. ஆனாலும் இசக்கியின் முகத்தில் எரிச்சல் இல்லை. பேருந்தில் நம் பக்கத்தில் இருந்தவர் சொல்லாமல் இறங்கிப் போனால் தேடுவோமே, அப்படித்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை கொட்டகையில் யாரும் இல்லை. டீச்சர் மட்டும் குழியில் இருந்தார்.

"இசக்கி கேட்டதுக்கு என்ன அர்த்தம், டீச்சர்?"

"செருப்பைக் கழட்டிட்டு மேடையில ஏறுங்க."

ஏறினார்.

"பின்னால குடிசை இருக்குல்ல, அதோட வாசல்ல நில்லுங்க."

நின்றார்.

டீச்சர் கதவுகளைச் சாத்தினார். ஒவ்வொரு விளக்காக அணைத்தார். கடைசி விளக்கும் அணைந்தபோது சிகாமணிக்குத் தன் கையே தெரியவில்லை. டீச்சர் குழிக்குள் இறங்கும் சத்தம் கேட்டது.

"இனி கடற்கரை வரைக்கும் நடந்து வாங்க, அண்ணாச்சி."

"கடற்கரை எது?"

"மேடை முடியுற இடம்தான் கடற்கரை. கால்விரல் பலகைக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். விளக்கு வரும்போது இசக்கி அப்படித்தான் நிப்பா. அதைப் பார்த்துத்தான் ஜனங்க 'ஆ'ங்கிறாங்க. நேத்து மட்டும், வழி தெரியலைன்னா நடுவுலயே நின்னுடுன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்."

இத்தனை நாளும் சிகாமணியின் தலைக்கு மேலே நடந்தது அது. குழியிலிருந்து அது தெரியாது.

"இந்த இருட்டுல அவளுக்கு விளிம்பு எப்படித் தெரியும்?"

பதிலுக்கு, குழியிலிருந்த அவருடைய கிளாரினெட் டீச்சர் கையில் ஒலித்தது.

நேற்று அவர் வாசித்த அதே சுபபந்துவராளி. அவர் குழைத்த இடத்தில் குழைந்தது, ஏறிய இடத்தில் ஏறியது. கூரையிலிருந்து வந்தது. பின்சுவரிலிருந்து வந்தது. இடமும் வலமும் கொட்டகை முழுக்க அதுவே நிறைந்திருந்தது.

அழகாகத்தான் இருந்தது.

சிகாமணி ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். மூன்றாவது அடிக்குக் கால் எழவில்லை. எதிரே எங்கோ ஆள் உயரப் பள்ளம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா? கால்விரல்கள் மடங்கிப் பலகையைப் பற்றிக்கொண்டன.

"டீச்சர்!" என்று கத்தினார். "எங்க இருக்கீங்க?"

கிளாரினெட் நின்றது.

அவர் கேட்ட கேள்வி காலிக் கொட்டகையைச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது.

அவர் அப்படியே நின்றார்.

சற்று நேரத்துக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகும் காதில் விழுந்தது கொஞ்சம்தான். ஆனால் உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது. பாதத்தின் மேல் பூனை படுத்துக் குர்ரென்று மூச்சுவிட்டால் இருக்குமே, அப்படி.

வலது காலை முன்னால் வைத்தார். குறுகுறுப்பு கூடியது.

இடப்பக்கம் வைத்துப் பார்த்தார். குறைந்தது. காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இன்னோர் அடி. இன்னும் ஓர் அடி. ஆட்டமும் அசைவும் இல்லாமல் அடிச் சுரம் பலகைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் எலும்பு வரைக்கும் அது ஏறிய இடத்தில் நின்று, கட்டைவிரலை மெல்ல நீட்டினார்.

அங்கே பலகை இல்லை. வெறும் காற்று.

அந்தச் சுரம் மூச்சு தீரும்வரை இருந்து, அடங்கியது.

சிகாமணி மெதுவாகக் குத்தவைத்து, பிறகு விளிம்பிலேயே உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டார். அவருடைய குதிகால் பட்டு டீச்சரின் நோட்டு ஸ்டாண்டு ஆடியது.

"பாத்து," என்றது கீழேயிருந்து குரல். மிகவும் பக்கத்தில்தான் இருந்தது.

அவர் சிரித்தார்.

"பேண்டு செட்டுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க, அண்ணாச்சி?"

பதில் வரவில்லை.

டீச்சர் குழியின் சிறிய விளக்கைப் போட்டு நிமிர்ந்து பார்த்தார்.

சிகாமணி சட்டைப்பையிலிருந்த மாற்று ரீடை எடுத்து வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார்.