வால் இல்லாத அனுமார் காசு

முன்னொரு காலத்தில் முத்தங்கரைச் சீமையை மேகவண்ணன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி அவருக்கு. மந்திரி திருமேனியோ பதினாறு வருஷம் துறைமுகச் சாவடியில் கப்பல் காசுகளை நோட்டம் பார்த்து மேலே வந்தவர். அதுதான் ஆஸ்தானப் பண்டிதர் அகோரத்துக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அகோரம் வெள்ளித் தட்டில் ஒரு செப்புக் காசை ஏந்தி வந்தார். கடற்கரை மணலில் கிடைத்ததாம். அதில் உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த ஓர் உருவம், கையில் வேரோடு பிடுங்கிய மரம். "ராமர் காலத்து அனுமார் காசு, மகாராஜா" என்றார். காசு புதுக்குடம் போலப் பளபளத்தது. சபை மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ராஜா நெகிழ்ந்துபோய், இதைச் சந்தேகிப்பவன் இன்றே நாடு கடத்தப்படுவான் என்று ஆணையிட்டார். அப்புறம், பழக்கதோஷம், இது என்ன தரம் என்று மந்திரியைக் கேட்டுவைத்தார்.

திருமேனி காசைக் கையில் வாங்கினார். பார்த்ததுமே காசு எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் நாடு போகும். சொல்லாவிட்டால் பதினாறு வருஷம் காசு பார்த்த மானம் போகும். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நான் சந்தேகப்படவில்லை, மகாராஜா. வாலைத்தான் தேடுகிறேன்" என்றார் பணிவாக.

ராஜா குனிந்து பார்த்தார். வாலைக் காணோம்.

"தேய்ந்திருக்கும்" என்றார் அகோரம்.

"காசில் மேடாக இருப்பதுதான் முதலில் தேயும், பண்டிதரே. இதில் மேடு மூக்கும் முழங்காலும். அவையே தேயவில்லை, மரத்தில் இலையைக்கூட எண்ணலாம். வால் மட்டும் எங்கே போகும்?"

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். திருமேனி காசைத் திருப்பிக் காட்டினார். இது ஜெர்மானிய தேசத்துக் காசு. தங்கள் மலைக்காட்டில் திரிவதாக அவர்கள் சொல்லும் காட்டு மனிதன் இவன். பின்பக்கத்து வருஷ எண்படி, இதை அடித்து நூற்றிருபது வருஷம் ஆகிறது என்றார்.

ராஜா மலைத்துப்போனார். ஏழு கடலுக்கு அப்பாலும் மரம் பிடுங்கும் ஒரு பலசாலியை நினைத்து மனிதர்கள் சிலிர்த்திருக்கிறார்கள்! சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து காசை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஆணையும் கோபமும் போன இடம் தெரியவில்லை.

"தரம் சொல்லவில்லையே, மந்திரி?"

"நேற்றுவரை முதல் தரம், மகாராஜா. நூறு வருஷமாகத் தானே ஏறிய பழுப்புதான் செப்புக் காசுக்கு அழகு. இன்று மூன்றாம் தரம்." திருமேனி எழுத்தின் இடுக்கிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்து நீட்டினார். புளி நார். "யாரோ குத்துவிளக்கு என்று நினைத்து விளக்கியிருக்கிறார்கள்."

அகோரம் கைகளை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

ராஜா தம் கணையாழியைக் கழற்றித் திருமேனிக்கு அணிவித்தார். அகோரத்துக்கும் குறை வைக்கவில்லை. அரண்மனைக் குத்துவிளக்குகள் நூற்றெட்டையும் வெள்ளிதோறும் அவரே விளக்க வேண்டும் என்று உத்தரவானது. புளி மட்டும் அரண்மனைச் செலவு.