மிச்ச வெளிச்சம்

தணிகாசலம் பல வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த ஜெசிந்தா அவரைவிட இளையவர். மாணவர் ஆசிரியையை மேடம் என்பார், ஆசிரியை மாணவரை சார் என்பார். வானாய்வு மையத்தில் இது ஒரு பழைய வேடிக்கை.

இளம் விண்மீன்களைச் சுற்றித் தூசு வட்டு ஒன்று சுழலும். கோள்கள் உருவாவது அதில்தான். விண்மீனின் ஒளி கண்ணைப் பறிப்பதால் வட்டு தெரியாது. அந்த ஒளியைப் படத்திலிருந்து கழித்துத்தான் பார்க்க வேண்டும். தனக்குக் கொடுத்த விண்மீனுக்கு வட்டே இல்லை என்று ஒரு மத்தியானம் வந்து சொன்னார் தணிகாசலம்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தார். துளி வெளிச்சம் இல்லை.

"நல்லாத் துடைச்ச கரும்பலகை மாதிரி இருக்கு சார். எதை வச்சுக் கழிச்சீங்க?"

தூசு இல்லாத வேறொரு விண்மீனின் படத்தை வைத்துக் கழிப்பதுதான் வழக்கம். அப்படிக் கழித்தால் கொஞ்சம் ஒளி மிஞ்சிவிடுகிறது என்றார் தணிகாசலம். சுத்தமாகப் போகட்டும் என்று இதே விண்மீனின் இன்னொரு படத்தை வைத்துக் கழித்தாராம்.

"அப்போ அந்தப் படத்துலயும் வட்டு இருந்திருக்குமே சார். அதுவும் சேர்ந்து போயிருக்கும்."

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் கேட்காததைச் சொல்லத் தொடங்கினார்.

மாசியில் அவருடைய மகள் கயல் காய்ச்சலில் இறந்தாள். ஐந்து வயது. மனைவி செண்பகம் பார்த்துப் பார்த்து அழுவாளே என்று கட்டிலையும் உடுப்புகளையும் யார் யாருக்கோ கொடுத்தார். செருப்பைக்கூட விடவில்லை. குழந்தை சுவரில் கிறுக்கியிருந்த இடத்துக்குத் தானே வெள்ளையடித்தார். பேரைச் சொல்வதையும் நிறுத்தினார். நேற்று செண்பகம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கயல் இந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கு ஒரு கோடாவது விட்டுவைத்தீர்களா என்று வாசலில் நின்று கேட்டாளாம்.

"கண்ணு கூசுது மேடம். எவ்வளவுதான் கழிக்கிறது?"

ஜெசிந்தா திரைப்பக்கம் திரும்பினார். தூசு இல்லாத வேறொரு விண்மீனின் படத்தை எடுத்துக் கொடுத்து, மறுபடி செய்யச் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் முடிந்தது. நடுவில் ஒளி திட்டுத்திட்டாக மிஞ்சிக் கிடந்தது. பார்க்கவே உறுத்தியது. அதை ஒட்டி, நீர்த்த சாம்பல் நிறத்தில், ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் அந்த வட்டு.

தணிகாசலம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய விரல் நடுவிலிருந்த திட்டைத் தொட்டது.

"இதையும் எடுத்துடலாமா மேடம்?"

"வேண்டாம் சார். அதுக்குப் பக்கத்துலதான் வட்டு இருக்கு."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். வராந்தாவுக்குப் போய் செண்பகத்துக்குப் போன் செய்தார். அவள் எடுத்ததும், "கயல்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை.

இருவரும் போனை வைக்கவில்லை.