பன்னிரண்டாவது பெயர்

மரகதவல்லி அம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து தங்குகிற வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் மொழியில் ஏதாவது ஒரு பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும். அதை ஏட்டில் எழுதிய பிறகுதான் இலை போடுவார்கள்.

ஏட்டைக் காப்பவர் சேந்தன். அம்மையைவிடப் பத்து வயது மூத்த சீடர்.

ஒரு நாள் காலை அவர் ஏட்டோடு ஓடி வந்தார்.

"அம்மா, நம் முற்றத்துப் பம்பளிமாஸ் பழத்துக்குப் பன்னிரண்டாவது பெயர் கிடைத்துவிட்டது! தெலுங்கில் பம்பர பனச. கன்னடத்தில் சக்கோத்த. சிங்களத்தில் ஜம்போலா. மலாய்க்காரர் பாலித் தீவு எலுமிச்சை என்கிறார்கள். இது மட்டும் எதோடும் ஒட்டவில்லை. என்ன பொருளாக இருக்கும்?"

"சொன்னது யார்?"

"நேற்று இறந்தாளே, படகில் வந்த காய்ச்சல்காரி. அவள் பாஷைதான் இங்கே யாருக்கும் தெரியாதே. மரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்."

"எத்தனை தடவை?"

"ஏழெட்டுத் தடவை. நான்தான் திரும்பச் சொல்லச் சொன்னேன். உச்சரிப்பு சரியாக விழ வேண்டாமா? அப்புறம் அவளுக்குக் குரல் எழும்பவில்லை."

"பழம் கொடுத்தீரா?"

சேந்தன் ஏட்டை மூடினார்.

"எழுதிவிட்டுக் கொடுக்கலாம் என்று ஏட்டறைக்குப் போனேன். கூடவே வேர்ச்சொல்லையும் தேடினேன். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை."

அம்மையின் பார்வை முற்றத்து மரத்துக்குப் போயிற்று.

"கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் அம்மா. வைத்தியரே சொன்னார்."

"வேறென்ன சொன்னார்?"

"நாக்காவது நனையட்டும், கேட்டதைக் கொடுங்கள் என்றார்."

சொல்லிவிட்டு அவர் வெடித்தார்: "எழுதாமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று வழக்கம் வைத்தது யார்? நீங்கள்தானே?"

"நான்தான்."

அம்மை எழுந்துபோய் மரத்தில் ஒரு பழம் பறித்தார். தடித்த தோலைக் கிழிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு சுளையை உரித்து, மரத்தடியில் அவளைப் புதைத்த, இன்னும் காயாத மண்மேட்டின் மேல் வைத்தார்.

"ஏட்டைத் திறவும்."

"எதற்கு அம்மா?"

"அவளுடைய சொல்லை விட்டுவிடும். மீதி பதினொன்று இருக்கின்றன. ஆறு பெயர் நீர் சொல்லிக் கூப்பிடும், ஐந்து நான் கூப்பிடுகிறேன். எதற்காவது எழுந்து வாங்கிக்கொள்கிறாளா, பார்ப்போம்."