கழுவி வைத்த எட்டுக் கம்பிகள்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குருவின் பெயர் மரகதமணி. பொள்ளாச்சியில் இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறார். சீடர் சிவகொழுந்து, பாலிடெக்னிக்கில் முப்பத்து மூன்று வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் ஆயிரம் இன்ஜின் வரைந்திருப்பார். கையால் ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. சாவதற்குள் அந்தக் குறை தீரட்டும் என்று பட்டறையில் வந்து சேர்ந்துகொண்டார். அவர் குருவை அம்மணி என்பார். குரு அவரை சார் என்பார். யாருக்கு யார் மரியாதை கொடுப்பது என்ற குழப்பம் அதோடு தீர்ந்தது.

வந்த நாள் முதல் சீடருக்கு ஒரே கேள்விதான்.

பட்டறையில் இரண்டு மேஜை. ஒன்றின் மேல் மலை ஜீப் ஒன்றின் பழைய இன்ஜின் பிரித்துக் கிடந்தது. இன்னொன்றின் மேல் ஒரு புது வெள்ளைக் காரின் இன்ஜின் தலை. ஜீப்பில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, கேம் ஷாஃப்ட், கீழே இன்ஜினின் வயிற்றுக்குள் சுற்றுகிறது. அது மேலே இருக்கும் வால்வைத் திறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு நீளக் கம்பி நின்று தள்ள வேண்டும். புஷ்ராடு என்பார்கள். வால்வுக்கு ஒன்றாக எட்டு. வெள்ளைக் காரில் கேம் ஷாஃப்ட்டே உச்சிக்கு ஏறிக்கொண்டு வால்வை நேராக அமுக்குகிறது. நடுவில் கம்பிக்கு வேலை இல்லை.

"எது உசத்தி அம்மணி?"

"ஏனுங் சார், உங்களுக்குத் தெரியாததா?"

"நோட்டுல நாப்பது பக்கம் எழுதிட்டேன். கேம் மேல இருந்தா வேகமாச் சுத்தலாம், சிலிண்டருக்கு நாலு வால்வு வெக்கலாம். சரி. ஆனா கீழ இருந்தா இன்ஜின் குட்டையா அடக்கமா இருக்குது, கேமைச் சுத்தற பெல்ட் அறுந்துடுமோன்னு பயமில்லை. வெளிநாட்டுல இன்னிக்கும் பெரிய பெரிய காருக்குப் புஷ்ராடு வெக்கிறான். அவன் முட்டாளா? முடிவுக்கு வரமுடியலை."

"அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க சார்."

தினமும் கேட்டார். தினமும் குரு ஏதாவது ஒரு ஸ்பேனரை எடுக்கச் சொன்னார்.

அன்று புதன்கிழமை. ஜீப் இன்ஜினின் தலையை மட்டம் பார்த்து வாங்கிவர மரகதமணி லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தார். போகுமுன் எட்டுக் கம்பியையும் உருவி, ஒரு ஸ்வீட் பெட்டியின் அட்டை மூடியில் எட்டு ஓட்டை போட்டுக் குத்திவைத்துவிட்டுப் போனார்.

சீடர் பார்த்தார். கம்பியெல்லாம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. அட்டையும் நனைந்து நாறியது. சுத்தமானவர் அல்லவா, மனசு கேட்கவில்லை. எட்டையும் உருவி மண்ணெண்ணெயில் போட்டு நன்றாகத் தேய்த்தார். துடைத்து, வெள்ளித் தட்டில் வைப்பதுபோல் புதுச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினார். அட்டையைக் குப்பையில் போட்டார்.

மரகதமணி திரும்பி வந்து செய்தித்தாளைப் பார்த்தார்.

"எது ஒண்ணாம் நம்பர் சார்?"

"எல்லாம் ஒண்ணுதான் அம்மணி. வெர்னியர் வெச்சு அளந்துட்டேன். நீளத்துல முடியளவுகூட வித்தியாசம் இல்லை."

அப்போதுதான் ஜீப் சொந்தக்காரர் பீர் முகமது சாப்பிட்டுவிட்டு வந்து, செருப்பை வாசலில் விட்டு உள்ளே நுழைந்தார். வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்காரர்.

"பாய், உங்க செருப்பு என்ன சைஸு?"

"எட்டு. ஏன்?"

"சார், உங்களுது?"

"எட்டுதான்."

"அவரு செருப்பைப் போட்டுக்கிட்டு அந்த வேப்பமரம் வரைக்கும் போய்ட்டு வாங்க சார்."

சீடருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குரு சொல். போட்டுக்கொண்டு போனார், வந்தார். வரும்போதே முகம் ஒரு மாதிரி கோணியிருந்தது.

"எப்படி இருக்குதுங்?"

"குதிகால் வெளியே சாயுது. கட்டை விரல்கிட்டப் பள்ளமா இருக்கு. நடை என்னுதா இல்லை."

"அளந்தா எட்டுதானுங்களே."

சீடர் செருப்பைக் கழற்றி வைத்தார். செய்தித்தாளைப் போய்ப் பார்த்தார். ஒவ்வொன்றும் இன்ஜினுக்குள் தான் நிற்கும் குழியில் பத்து வருடம் நுனி தேய்ந்த கம்பி. அந்தக் குழிக்கு மட்டும்தான் அது பொருந்தும். பரீட்சையில் எத்தனையோ பேருக்கு இந்தக் கேள்விக்கு மார்க் போட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மாத்திப் போட்டா என்ன ஆகும்?" தெரிந்தேதான் கேட்டார்.

"ஓடும். ஒரு வாரம் ஓடும், ஒரு மாசம் ஓடும். தப்பான இடத்துல தேய்ஞ்சு இடைவெளி விட்டு, ஒருநாள் ஏத்தத்துல கம்பி குழியை விட்டு எகிறிடும். வண்டி அங்கயே நிக்கும்."

"புதுசு?"

"பழைய மாடல். கோயமுத்தூர்ல சொல்லி வர மூணு நாள் ஆகும்."

பீர் முகமது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன அம்மணி, வண்டி இன்னிக்குக் கிடைக்குமில்ல? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எங்க வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரில டயாலிசிஸ். போன மாசம் ஒரு தடவை தவறுனதுக்கே மூச்சு வாங்கி, காலெல்லாம் வீங்கி, பொழைச்சதே பெருசு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு மலையில வேற வண்டி எங்க போய்த் தேடறது?"

சீடர் குருவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்களேன் அம்மணி."

"நான் கழுவலீங்களே சார்."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சிவகொழுந்து சொன்னார். எட்டையும் கலந்துவிட்டேன், என் தப்பு, அம்மணிக்கு இதில் சம்பந்தமில்லை. சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

பீர் முகமது கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மறுபடி சேக்க முடியுமா வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்கறேன் பாய்."

மரகதமணி ஒரு பூதக்கண்ணாடியும் கொஞ்சம் நீலச் சாயமும் கொடுத்தார். சீடர் உட்கார்ந்தார். சாயத்தைத் தடவி, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு குழியில் நிறுத்தித் திருப்பி, நீலம் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தார். எட்டுக் கம்பி, எட்டுக் குழி. டீ வந்தது, ஆறியது, போனது. நாலரை மணிக்கு ஆறு கம்பிக்கு இடம் கிடைத்துவிட்டது. குரு ஆறையும் பார்த்துத் தலையாட்டினார்.

மீதி இரண்டு. இதை அங்கே வைத்தாலும் பொருந்துவதுபோல் இருந்தது, அதை இங்கே வைத்தாலும் பொருந்துவதுபோல் இருந்தது.

சீடருக்குக் கோபம் வந்தது. வெள்ளைக் காரின் தலையைக் காட்டி, "இதுல பாருங்க அம்மணி, கம்பியே கிடையாது. இந்த வம்பே கிடையாது. இப்பவாவது சொல்லுங்க, இதுதானே உசத்தி?" என்றார்.

"சார், அந்த ரெண்டையும் உங்களுக்குச் சரின்னு தோணுற இடத்துல போடுங்க. போட்டுட்டு இந்த ஜீப்புலயே மலைக்குப் போங்க. விடியக்காலம் அந்தம்மாவோட கூட உக்காந்து இறங்கி வாங்க. ஸ்பேனரும் வால்வு இடைவெளி பாக்கற கேஜும் மறக்காம எடுத்துக்கங்க."

போட்டார். போனார்.

இன்ஜினை மாட்டி இரவே மலையேறினார்கள்; விடிவதற்குள் பீர் முகமது எஸ்டேட்டிலிருந்து ஜீப்பைக் கிளப்பினார். பின்பக்கம் எதிரெதிர் பெஞ்சு. ஒன்றில் பீர் முகமதுவின் மனைவி ரஹ்மத் பீவி, ஸ்வெட்டரும் முக்காடுமாக. எதிரே சீடர், மடியில் ஸ்பேனர் பை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. சீடரின் உயிரெல்லாம் காதில் இருந்தது. டிக் என்று ஒரு சத்தம் வந்துவிடக் கூடாதே.

"என்னண்ணே, தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கேக்கறீங்க?"

மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. கம்பிக் கதையைச் சொன்னார். இரண்டு கம்பி எது எது என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை அம்மா என்றார்.

ரஹ்மத் பீவி சிரித்தார். "எங்க ஆஸ்பத்திரிலயும் இதே கதைதாண்ணே. ரத்தத்தை வடிகட்ட ஒரு குழாய் இருக்கும். ஒருதரம் ஓட்டுனதும் கழுவி மருந்து ஊத்தி அலமாரில வெச்சுருவாங்க. அடுத்த தடவை அதே குழாய்தான் எனக்கு. முப்பது பேருக்கு முப்பது குழாய் அடுக்கி இருக்கும். பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரியேதான்."

"அப்புறம்?"

"மேல என் பேரு எழுதி ஒட்டியிருக்கும். மாட்டுற பிள்ளை கிட்ட வந்து, 'ரஹ்மத் பீவி, எஸ்டேட்டு'ன்னு சத்தமாப் படிச்சுட்டு, என் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் மாட்டும். மாத்திட்டா இன்னொருத்தர் சீக்கு எனக்கு வந்துரும்ல?"

சீடரின் கை ஸ்பேனர் பையை இறுக்கிப் பிடித்தது. புதுச் செய்தித்தாளில் தான் அழகாக அடுக்கிய எட்டும் கண்ணுக்குள் வந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அந்த அம்மாள் கேட்டார். "ஏண்ணே, நீங்க படிச்சவுங்க. இந்த வண்டி இன்ஜின் நல்லதா, கெட்டதா? புதுக் காருலதான் நல்ல இன்ஜினுன்னு எல்லாம் சொல்றாங்க."

நாற்பது பக்க நோட்டு அவர் வீட்டில் இருந்தது.

"நேத்து இதை நான்தான் மாட்டுனேம்மா."

"அப்ப சரி." ரஹ்மத் பீவி ஜீப்பின் பக்கச் சட்டத்தில் தலையைச் சாய்த்தார். அடுத்த வளைவுக்குள் தூங்கிவிட்டார்.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்கள். இன்ஜின் ஆறும்வரை சீடர் மரத்தடியில் காத்திருந்தார். பிறகு இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, எட்டு வால்வுக்கும் கேஜ் விட்டுப் பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தார்.

"என்னாச்சுங் சார்?"

"இடைவெளி மாறலை. ஆனாலும் அந்த ரெண்டை நான் நம்ப மாட்டேன். புது செட்டு சொல்லியாச்சு. வந்ததும் நானே மலைக்குப் போய் மாத்தறேன்னு பாய்கிட்ட சொல்லிட்டேன்."

"சரிங்."

சீடர் கை கழுவிவிட்டு வெள்ளைக் காரின் தலைக்கு முன்னால் வந்து நின்றார். கேம் ஷாஃப்ட்டைக் கழற்றி எடுத்தார். உள்ளே பதினாறு சின்னக் கிண்ணங்கள், வால்வுக்கு ஒன்றாக. பளபளவென்று, பதினாறும் ஒரே அச்சு. கம்பி இல்லாத இன்ஜினிலும் இடம் மாறக்கூடாத பொருள் இருக்கத்தான் செய்கிறது. அதையும் அவர் நோட்டில் எழுதியிருக்கிறார், இருபத்திரண்டாம் பக்கத்தில்.

மூலையில் கிடந்த முட்டை அட்டை ஒன்றை எடுத்துவந்தார். குழிக்குக் குழி, ஒன்று முதல் பதினாறு வரை பெயின்ட்டால் எழுதினார். முதல் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டியவர், நிறுத்திக்கொண்டார்.

மரகதமணி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங் சார், இன்னிக்குக் கேள்வி இல்லையா?"

"இருக்கு அம்மணி."

"கேளுங்க."

"இந்தக் காருல யாரு போவாங்க?"

காரை ஒரு கிரேன் வண்டி இழுத்துவந்து விட்டுவிட்டுப் போயிருந்தது. சாவியோடு ஒரு சீட்டு. சீட்டில் வண்டி நம்பரும் ஒரு போன் நம்பரும் மட்டும், பெயர் இல்லை.

மரகதமணி அந்தச் சீட்டை எடுத்து முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"அதை நான் கேக்கவே இல்லீங்களே சார்," என்றார்.